உதடு முந்தி, குரல் பிந்தி

ஒலித்துண்டு ஒன்று இடம் தவறி நிற்கிறது. சுட்டியால் பிடித்துக் கொஞ்சம் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. எடிட்டிங் மென்பொருளை முதன்முதலாகத் திறக்கும் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாதி வேளை அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதிதான் தூக்கத்தைக் கெடுக்கும். நேர்காணலின் தொடக்கத்தில் உதடும் குரலும் ஒட்டிக்கொண்டு போகும். அரை மணி நேரம் தள்ளிப் பார்த்தால், பேசுபவர் வாயை மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும். அங்கே சரிசெய்தால் தொடக்கம் கெடும். தொடக்கத்துக்குத் திரும்பினால் முடிவு கெடும்.

நேரத் தவறில் இரண்டு வகை இருப்பதுதான் இதற்குக் காரணம். முழுத் துண்டும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ நிற்பது ஒன்று. இதை விலகல் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் தெரியாத அளவில் இருந்து போகப்போகப் பெருகுவது இன்னொன்று, இது நழுவல். விலகலுக்குத் துண்டை நகர்த்த வேண்டும். நழுவலுக்குத் துண்டின் நீளத்தையே மாற்ற வேண்டும். நழுவலை நகர்த்தித் தீர்க்கப் பார்ப்பதில்தான் பலருடைய இரவுகள் போகின்றன. ஆகவே எதையும் இழுப்பதற்கு முன், இருப்பது எது என்று பார்த்துவிட வேண்டும். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் சோதித்தால் போதும். மூன்றிலும் ஒரே அளவு பிசகு என்றால் விலகல். ஏறிக்கொண்டே போனால் நழுவல்.

எதை வைத்துச் சோதிப்பது

படப்பிடிப்பில் கிளாப் பலகை அடிப்பது இதற்காகத்தான். கட்டை மூடும் ஃபிரேம் படத்தில் தெரியும். அதே கணம் ஒலி அலையில் ஒரு கூர்முனையாக எழும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் தீர்ந்தது. பலகை இல்லாவிட்டால் கேமரா முன் கைதட்டினாலும் போதும். தொடக்கத்தில் தட்ட எல்லோருக்கும் நினைவிருக்கும். முடிவில் தட்டுபவர்கள் குறைவு. நழுவலை அளக்க உதவுவது அந்த இரண்டாவது தட்டல்தான். கேமராவையும் ஒலியைத் தனியாகப் பதியும் ரெக்கார்டரையும் நிறுத்துவதற்கு முன் இன்னொரு முறை தட்டிவிடுங்கள்.

தட்டலே இல்லாத பதிவு கைக்கு வந்தால்? தமிழ்ப் பேச்சில் அதற்கு இயல்பான வழி ஒன்று இருக்கிறது: ப, ம. இரண்டுக்கும் உதடுகள் மூடியே ஆக வேண்டும். பேசுபவர் "அப்பா" என்கிற இடத்தைத் தேடுங்கள். உதடு மூடியிருக்கும் நேரத்தில் அலைவடிவம் ஏறக்குறையத் தட்டையாகிவிடும். உதடு பிரியும் ஃபிரேமில் சின்னதாய் ஒரு வெடிப்பு எழும். ஒற்று இரட்டிக்கும்போது மூடல் நீள்வதால் "அப்பா", "தப்பு", "இப்போ" போன்ற சொற்கள் "பாடம்" என்பதைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். மகரத்துக்கு ஒலி மூக்கு வழியே தொடர்வதால் அலை தட்டையாகாது. உதடு மூடுவதை மட்டும் படத்தில் பிடிக்கலாம். க, த, ட எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை, இந்த வேலைக்கு உதவாது. வேற்றுமொழிப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதுபவர்கள், நடிகரின் உதடு மூடும் இடத்தில் ப, ம வரும்படி சொல்லைத் தேடிப் போடுவதும் இதனால்தான். பார்வையாளரின் கண் மற்ற எழுத்துகளை மன்னித்துவிடும், இவற்றை மன்னிக்காது.

எவ்வளவு பிசகினால் தெரியும்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்றில் இதற்கு எண்கள் உண்டு. ஒலி படத்தை 45 மில்லிசெகண்டு முந்தினாலே கவனிக்கப்படுகிறது. ஆனால் பிந்தும்போது 125 மில்லிசெகண்டு வரை கவனத்துக்கு வருவதில்லை. பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லை முந்தினால் 90, பிந்தினால் 185. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இன்னும் கறார்: முந்தலுக்கு 40, பிந்தலுக்கு 60.

இரண்டு பட்டியலிலும் முந்துதலுக்குச் சலுகை குறைவு என்பதைக் கவனியுங்கள். நாம் வளர்ந்த உலகில் ஒலி எப்போதும் தாமதித்தே வருகிறது. தூரத்தில் துணி துவைப்பவரின் கை கீழே வந்த பிறகுதான் சத்தம் கேட்கும்; கை இறங்குவதற்கு முன் சத்தம் கேட்டதை யாரும் பார்த்ததில்லை. அதனால் சந்தேகம் வரும் இடத்தில் ஒலியை ஒரு ஃபிரேம் பின்னால் வைப்பது பாதுகாப்பு. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்டு. 24 என்றால் 41.7.

இந்தத் தூரக் கணக்கு எடிட்டரையும் நேரடியாகப் பாதிக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடைப் பேச்சை அரங்கின் பின்வரிசையில், 20 மீட்டர் தள்ளி நிற்கும் கேமரா பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் சொந்த மைக்குக்கு ஒலி சுமார் 58 மில்லிசெகண்டு தாமதமாகத்தான் வந்து சேரும். பேச்சாளரின் சட்டையில் குத்திய மைக்குக்கு அந்தத் தாமதம் இல்லை. மென்பொருளிடம் "இரண்டு ஒலியையும் அலைவடிவத்தைப் பார்த்து நீயே பொருத்து" என்று விட்டால் என்ன நடக்கும்? சட்டை மைக்கின் நல்ல ஒலியை, கேமராவின் தாமதித்த ஒலியோடு அது கச்சிதமாகப் பொருத்திவிடும். இரண்டு அலையும் ஒன்றாக நிற்கும், உதடு மட்டும் ஒன்றரை ஃபிரேம் முன்னால் போகும். தானியங்கிப் பொருத்தம் நல்ல வசதிதான். டாவின்சி ரிசால்வ், பிரீமியர், ஃபைனல் கட் எல்லாவற்றிலும் இருக்கிறது. இலவசமான கேடென்லைவிலும் உண்டு. ஆனால் அது ஒலியை ஒலியோடு பொருத்துகிறதே ஒழிய, உதட்டோடு அல்ல. முடித்த பிறகு கண்ணால் ஒருமுறை பார்த்து, வேண்டுமானால் ஒலியை ஒரு ஃபிரேம் முன்னால் தள்ள வேண்டும்.

நகர்த்தும் வேலை

விலகல்தான் என்று உறுதியானால் வேலை சுலபம். ஒலிக்கு மட்டும் என்றால் பெரும்பாலோர் கைக்கு வருவது ஆடாசிட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனியும் ராஜர் டேனன்பர்க்கும் தொடங்கி, 2000இல் வெளிவந்து, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். அதைப் பற்றிய பழைய பாடங்களில் துண்டை நகர்த்த இரட்டை அம்புக்குறி போட்ட ஒரு தனிக் கருவியை எடுக்கச் சொல்வார்கள். 2021இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து அந்தக் கருவி கிடையாது. இப்போது ஒவ்வொரு துண்டின் தலையிலும் பெயர் எழுதிய ஒரு பட்டை இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் துண்டு நகரும். துண்டின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினால் அந்தப் பகுதி மறையும், அழியாது. மறுபடி வெளியே இழுத்தால் திரும்ப வரும். கண்ட்ரோல், ஐ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும் இடத்தில் துண்டு இரண்டாகும்.

இழுக்கும்போது துண்டு நினைத்த இடத்தில் நிற்காமல் குதித்துக் குதித்துப் போய் ஒட்டிக்கொள்கிறதா? ஸ்னாப் வசதி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு துண்டை இன்னொன்றின் வாலோடு இடைவெளியில்லாமல் ஒட்ட அது அருமையானது. மில்லிசெகண்டு கணக்கில் வேலை செய்யும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

வீடியோ எடிட்டிங்கில் வேறொரு தடை வரும். ஒலித்துண்டும் அங்கே ஃபிரேம் கணக்கில்தான் நகரும். ஒரு தாவலுக்கு 40 மில்லிசெகண்டு. நொடிக்கு 48,000 மாதிரிகள் (சாம்பிள்கள்) கொண்ட ஒலியில் அந்த ஒரு ஃபிரேமுக்குள் 1,920 மாதிரிகள் அடங்கியிருக்கின்றன. நுணுக்கமாக நகர்த்த வேண்டுமென்றால் பிரீமியரில் டைம்லைனின் அளவுகோலை ஒலி அலகுக்கு மாற்றிக்கொள்ளலாம். ரிசால்வில் ஒலிக்கென்றே இருக்கும் ஃபேர்லைட் பக்கத்துக்குப் போகலாம். கணினி வருவதற்கு முன்பே ஒலி எடிட்டர்கள் ஃபிரேமுக்கு உள்ளே புகுந்து வேலை செய்தவர்கள்தான். 35 மில்லிமீட்டர் காந்தப் பிலிமில் ஃபிரேமுக்கு நான்கு துளைகள். ஒரு துளை நகர்த்தினால் கால் ஃபிரேம், அதாவது ஏறத்தாழ 10 மில்லிசெகண்டு. கணினி எடிட்டிங் வந்தபோது இந்த வசதியைப் பலர் இழந்தார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துண்டை நகர்த்துவது வேறு, துண்டுக்குள் இருக்கும் ஒலியை நகர்த்துவது வேறு. நேர்காணலின் ஒரு வாக்கியத்தை இரண்டு பக்கமும் வெட்டி, முன்னும் பின்னும் வேறு காட்சிகளை ஒட்டிவிட்டீர்கள். இப்போது அந்த வாக்கியம் இரண்டு ஃபிரேம் பிந்துகிறது. துண்டையே இழுத்தால் ஒரு பக்கம் ஓட்டை விழும், மறுபக்கம் அடுத்த துண்டின் மேல் ஏறும். அதற்குப் பதில் ஸ்லிப் கருவியால் இழுத்தால் துண்டின் வெட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளே ஒலி மட்டும் நகரும். படமும் ஒலியும் இணைந்த துண்டில் ஒன்று மட்டும் நகர்ந்துவிட்டால் பிரீமியர் எத்தனை ஃபிரேம் பிசகு என்று சிவப்பில் காட்டும். அதை வலதுசொடுக்கினால் துண்டை நகர்த்தவா, உள்ளிருப்பதை நகர்த்தவா என்று இரண்டு வழியும் கேட்கும். பலர் முதல் வழியையே பழக்கமாக அழுத்திவிட்டு, அக்கம்பக்கம் கெட்டதைத் தனியாகச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒன்றை அழித்தால் பின்னால் இருப்பவை எல்லாம் தாமாக முன்னால் வருவது. வீடியோ மென்பொருள்களில் இதற்கு ரிப்பிள் டிலீட் என்று தனிக் கட்டளை உண்டு. சாதாரணமாக அழித்தால் வெற்றிடம் மட்டும் விழும்; ரிப்பிள் செய்தால் இடைவெளி மூடிக்கொண்டு வலப்பக்கம் முழுதும் நகரும். ஆடாசிட்டியில் ஒரு டிராக்கில் தேர்ந்தெடுத்து அழித்தால் அந்த டிராக்கின் மிச்சம் இடப்பக்கம் நகர்வதே வழக்கம். மற்ற டிராக்குகள் அசையாது. இருவர் பேசும் பாட்காஸ்ட்டில் ஒருவரின் ஒன்றரை நொடி இருமலை அழித்தீர்கள் என்றால், அந்த இடத்திலிருந்து முடிவு வரை அவர் மட்டும் ஒன்றரை நொடி முந்தியே பேசுவார். பதிவின் நடுவில் ஓரிடத்தில் சட்டென்று சிங்க் எனும் ஒத்திசைவு உடைந்து, அதன்பின் ஒரே அளவில் பிசகிப் போகிறது என்றால் பெரும்பாலும் இப்படி எங்கோ கைப்பட்டதுதான். இருமலை அழிக்காமல் கண்ட்ரோல், எல் அழுத்தி அமைதியாக்கினால் நீளம் மாறாது. நீளத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் டிராக்குகளை ஒன்றோடொன்று பூட்டும் சிங்க்-லாக் வசதியைப் போட்டுவிட்டு அழியுங்கள். எல்லா டிராக்கிலும் அதே நேரம் சேர்ந்து போகும். பின்னணி இசை அறுபடக் கூடாது என்றால் அதைக் கடைசியில் சேர்ப்பதுதான் உத்தமம்.

நழுவலின் முகங்கள்

நழுவல் எந்த வேகத்தில் பெருகுகிறது என்று பார்த்தாலே காரணத்தைச் சொல்லிவிடலாம். எண்ணைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மணிக்கு அரை நொடிக்குள், மெல்ல மெல்ல நழுவினால் அது கடிகாரம். கேமராவுக்குள் ஒரு படிகக் கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு படிகக் கடிகாரம். இரண்டும் நொடியை மிகத் துல்லியமாக எண்ணுகின்றன, ஆனால் ஒன்றுபோல அல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி, நாலரை ஃபிரேம். எந்தக் கருவியும் பழுதில்லை. விலை உயர்ந்த படப்பிடிப்பில் ஒரே கடிகாரத் துடிப்பை எல்லாக் கருவிகளுக்கும் கொடுத்து இதைத் தவிர்ப்பார்கள். மற்றவர்கள் பிறகு சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

மணிக்கு 3.6 நொடி என்று வந்தால் அது ஆயிரத்தில் ஒன்று. அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது நொடிக்கு 30 ஃபிரேம் என்பதை 29.97 ஆக்கினார்கள், அதன் உறவாக 24க்கு 23.976 வந்தது. ஒன்றை மற்றதாக மென்பொருள் எடுத்துக்கொண்டால் இந்த 3.6 நொடி விழும். நிமிடத்துக்கு இரண்டரை நொடி அளவில் நழுவினால் 24க்கும் 25க்கும் குழப்பம். சினிமாவை 25 ஃபிரேம் தொலைக்காட்சிக்கு வேகமாக ஓட்டிக் கொடுத்த நாடுகளில் படமே நாலு சதவீதம் சீக்கிரம் முடிந்தது. இன்று அந்த ஒலியை எடுத்து 24 ஃபிரேம் பிரதியோடு சேர்க்கப் பார்ப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். நிமிடத்துக்கு ஐந்து நொடி நழுவி, குரலும் கீச்சுக்குரலாகவோ தடித்த குரலாகவோ மாறியிருந்தால் கேள்வியே வேண்டாம்: 44,100 மாதிரியில் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டுகிறார்கள், அல்லது நேர்மாறாக. வித்தியாசம் 8.8 சதவீதம், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் தாவிவிடும். ஏற்கெனவே வேகமாக ஓட்டிப் பதிந்த ஒலியை மட்டும் நீட்டியாக வேண்டும்; மற்றபடி இந்த மூன்றுக்கும் துண்டை நீட்டவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். புராஜெக்டின் அமைப்பிலோ கோப்பின் அமைப்பிலோ தவறாக உள்ள எண்ணை மாற்றினால் தானாகச் சரியாகிவிடும்.

கடைசி முகம்தான் இன்று அதிகம் தொல்லை தருவது. ஒலி ஓரிடத்தில் முந்துகிறது, ஐந்து நிமிடம் கழித்துச் சரியாக இருக்கிறது, பிறகு பிந்துகிறது. எந்தக் கணக்கிலும் அடங்காது. கைபேசியில் எடுத்த வீடியோவாக இருக்கும். வெளிச்சம் குறைந்தாலும் கருவி சூடானாலும் கைபேசி ஃபிரேம் வேகத்தைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். இதை மாறும் ஃபிரேம் வேகம் என்கிறார்கள். எடிட்டிங் மென்பொருள்கள் சீரான வேகத்தை எதிர்பார்ப்பவை, தடுமாறிவிடும். இங்கே ஒலியைத் தொடுவதே தவறு. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் வீடியோவைச் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றி, அந்தப் புதுக் கோப்பை எடிட்டிங்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வேலையின் நடுவில் இதைக் கண்டுபிடித்தால் செய்த வெட்டுகள் எல்லாம் வீணாகும் என்பதால், கைபேசிப் பதிவு என்றாலே முதலில் மாற்றிவிடுவதுதான் நல்லது.

சரி, கடிகார நழுவலுக்கு வருவோம். ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். கேமராவில் முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் இடையே சரியாக 55 நிமிடம், அதாவது 3,300 நொடி. ரெக்கார்டரில் அதே இரண்டு தட்டலுக்கு இடையே 3,300.24 நொடி. ரெக்கார்டரின் ஒலி 0.24 நொடி நீளம்; ஆறு ஃபிரேம். 0.24ஐ 3,300ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.0073 சதவீதம். ரெக்கார்டரின் ஒலியை அவ்வளவு வேகப்படுத்த வேண்டும். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்டைத் திறந்து, முழுத் துண்டையும் தேர்ந்தெடுத்து 0.007 என்று கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மிஞ்சும் பிசகு 10 மில்லிசெகண்டு அளவுதான். அதே பெட்டியில் சதவீதத்துக்குப் பதில் புது நீளத்தையே எழுதவும் இடமுண்டு. அதன்பின் முதல் தட்டலை முதல் தட்டலோடு பொருத்தினால் கடைசித் தட்டல் தானாக வந்து சேரும்.

சுருதி மாறிவிடாதா என்று கேட்கலாம். மாறும், ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாற்றமே ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்குதான். இங்கே மாற்றுவதோ அதிலும் பதினான்கில் ஒரு பங்கு. எந்தச் சங்கீத வித்வானுக்கும் அகப்படாது. அதனால் இந்தச் சிறு மாற்றங்களுக்கு, சுருதியைக் காப்பாற்றி வேகத்தை மட்டும் மாற்றும் நவீன வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அது ஒலியைப் பொடியாக நறுக்கித் திரும்பக் கோக்கிற வேலை. குரலில் லேசான உலோகத்தனம் சேர வாய்ப்புண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கும் சுத்தமான வழி இருக்க, அது எதற்கு?

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன பதிவில் நழுவல் நிமிடத்துக்குச் சுமார் 4.4 மில்லிசெகண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை, யாரும் பேசாத இடமாகப் பார்த்து வெட்டி, அதற்குப் பின்னால் இருப்பதை ஒரு ஃபிரேமுக்குள் முன்னே தள்ளிக்கொண்டே போகலாம். நேர்காணலில் இது எடுபடும். இடைவிடாத கச்சேரியில் எடுபடாது. அங்கே நீளத்தை மாற்றியே ஆக வேண்டும்.

பேச்சின் இடைவெளி

இதுவரை சொன்னது தவறைத் திருத்துவது. தவறே இல்லாத இடத்திலும் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும், அதுதான் ரசமான வேலை. பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதில் தொடங்குவதற்கு இடையே வழக்கமாக விழும் இடைவெளி 200 மில்லிசெகண்டு அளவில்தான் இருக்கிறது. கண் இமைக்கும் நேரம்தான். இணையம் வழியே இருவர் பேசிப் பதிவு செய்யும்போது இந்த அளவு குலைந்துவிடும். கேள்வி அந்தப் பக்கம் போய்ச் சேரக் கால் நொடி. பதில் தொடங்க வழக்கமான இடைவெளி. அடுத்த கேள்விக்கும் அதே கதை, எதிர்த்திசையில். இருவரும் அவரவர் கணினியில் நல்ல தரத்தில் பதிவுசெய்து, இரண்டையும் கச்சிதமாகப் பொருத்தினாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கால் நொடி ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு இருவரும் ஏதோ மனத்தாங்கலோடு பேசுவது போலிருக்கும். திருப்பங்களை ஒவ்வொன்றாக இறுக்கினால் உரையாடலுக்கு உயிர் வரும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறுக்காதீர்கள். கடினமான கேள்விக்குப் பின் வரும் உண்மையான யோசனை நேரம் பதிலின் ஒரு பகுதி. அதை வெட்டினால் மனப்பாடம் ஒப்பித்தது போலாகும். அமைதிகளைத் தானாகச் சுருக்கும் கட்டளை ஆடாசிட்டியில் இருந்தாலும், உரையாடலுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"ம்", "ஆமா", "அடடா" என்று கேட்பவர் நடுநடுவே சொல்பவையும் இணையப் பதிவில் பிந்தி வந்து அடுத்த வாக்கியத்தின் மேல் விழும். கால் நொடி முன்னால் நகர்த்தினால் அவை தம் இடத்தில் உட்காரும்.

இப்படித் தனித்தனியாக நகர்த்தும் சுதந்திரம், இருவரும் வெவ்வேறு அறையில் ஹெட்போன் போட்டுப் பேசியிருந்தால்தான். ஒரே அறையில் இரண்டு மைக் என்றால் ஒவ்வொரு மைக்கிலும் மற்றவரின் குரலும் மெலிதாகப் பதிந்திருக்கும். ஒருவரின் டிராக்கை மட்டும் 300 மில்லிசெகண்டு நகர்த்தினால், அடுத்த மைக்கில் பதிந்த அவர் குரல் பழைய இடத்திலேயே நின்று எதிரொலியாகக் கேட்கும். சிறிதாக நகர்த்தினால் எதிரொலி கேட்காது என்பது உண்மை: சுமார் 30 மில்லிசெகண்டுக்குள் வரும் இரண்டாவது ஒலியைக் காது முதலாவதோடு சேர்த்து ஒன்றாகவே கேட்கும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். ஆனால் குரலின் நிறம் கெடும். ஒரே ஒலி ஒரு மில்லிசெகண்டு இடைவெளியில் இரண்டு முறை கலந்தால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என வரிசையாகக் குழிகள் விழுந்து, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போலாகும். ஆகவே ஒரே அறைப் பதிவில் வெட்டுவதானாலும் இறுக்குவதானாலும் இரண்டு டிராக்கையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வெட்டிய ஓரங்களில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால், அலை பூஜ்யக் கோட்டைக் கடக்காத இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. ஆடாசிட்டியில் இசட் விசை, தேர்வின் ஓரங்களை அருகிலுள்ள பூஜ்யத்துக்கு நகர்த்தும். இல்லாவிட்டால் ஐந்து பத்து மில்லிசெகண்டு கிராஸ்ஃபேட் போதும். இடைவெளியை நீட்டும்போது வெற்று அமைதியை நுழைக்காமல், அதே அறையில் யாரும் பேசாத நேரத்து ஒலியை எடுத்து நிரப்புங்கள்.

பாட்டோடு பாடும்போது

ஏற்கெனவே இருக்கும் இசையை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே குரலைப் பதிவு செய்தால், குரல் சற்றுப் பிந்தியே பதியும். ஒலி கணினியிலிருந்து வெளியே போய்த் திரும்பி உள்ளே வர நேரமெடுக்கிறது. ஆடாசிட்டி இதை ஈடுகட்டப் புதிய பதிவை முன்னிருப்பாக 130 மில்லிசெகண்டு முன்னால் தள்ளி வைக்கிறது. அது ஒரு குத்துமதிப்பு எண்தான். உங்கள் கருவிக்குப் பொருந்தும் என்று கட்டாயமில்லை. தாளத்தட்டு டிராக் ஒன்றை உருவாக்கி, ஹெட்போனை மைக்கில் ஒட்டிவைத்து அதையே பதிவு செய்து, இரண்டு டிராக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை ரெக்கார்டிங் அமைப்பில் திருத்திவிட்டால் பிறகு ஒவ்வொரு பதிவையும் கையால் நகர்த்த வேண்டியதில்லை.

குரலைத் தாளத்துக்குப் பொருத்தும்போது அலைவடிவத்தின் தொடக்கத்தை நம்பாதீர்கள். "சொல்" என்று பாடினால் அலை முதலில் சகரத்தின் சீறலில் தொடங்கும். ஆனால் அடி விழுந்ததாகக் காது உணர்வது உயிரொலி தொடங்கும் இடத்துக்கு அருகே. மார்ட்டன், மார்கஸ், ஃபிராங்கிஷ் மூவரும் 1976இல் இதை விவரித்தார்கள். சீறலைத் தாளக் கோட்டில் வைத்தால் பாடகர் பின்தங்குவதாகக் கேட்கும். சீறலைக் கோட்டுக்கு முன்னால் விட்டு, ஒகரத்தைக் கோட்டில் வையுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள்.

வெளியே எடுக்கும்போது

எல்லாம் பொருந்திய பிறகு ஒலியை எம்பி3 ஆக எடுத்து வீடியோவில் சேர்ப்பவர்கள் இன்னொரு முறை மாட்டுவார்கள். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தலையில் சிறு அமைதி சேர்கிறது. பரவலாகப் பயன்படும் லேம் என்கிற மென்பொருள் மூலம் ஆக்கி, திரும்பப் பிரித்தால் வழக்கமாக 1,105 மாதிரிகள், 44,100இல் சுமார் 25 மில்லிசெகண்டு. ஏஏசி வடிவில் வழக்கமாக 2,112 மாதிரிகள், ஏறத்தாழ 48 மில்லிசெகண்டு. சில மென்பொருள்கள் இதைத் தெரிந்து கழித்துவிடும், சில கழிக்காது. ஒருமுறை என்றால் போகட்டும். எம்பி3 ஆக எடுத்து, திறந்து, திருத்தி, மறுபடி எம்பி3 ஆக எடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். வேலை முடியும்வரை வேவ் ஃபைலாகவே வைத்திருங்கள்.

சிங்க் சரிபார்க்கும்போது புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். அதில் ஒலி 100 முதல் 300 மில்லிசெகண்டு வரை தாமதித்து வரும். படம் பார்க்கும் செயலிகள் பலவும் இந்தத் தாமதத்தை அறிந்து படத்தையும் நிறுத்தி வைக்கும். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. சரியாக இருந்த ஒலியைப் பிந்துவதாக எண்ணி முன்னால் தள்ளிவிடுவீர்கள். பார்ப்பவருக்கு அது முந்திக் கேட்கும். கம்பி ஹெட்போனோ கணினியின் சொந்த ஸ்பீக்கரோ போதும்.